இரண்டு அறையிலும் ஒரே நேரத்தில் கோல்

நவம்பர் 19, செவ்வாய்

காலையிலிருந்து வாடைக்காற்று. தூறல், நின்று நின்று. கடலுக்குப் போக வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். வள்ளம் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடக்கிறது.

எனக்கு எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாக விழுகிறது. தேதியும் அதுவே போட்டுக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் கன்னாபின்னாவென்று விழுகிறதாம். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசினால் ஒழுங்காக விழுகிறதாம். பக்கத்து வீட்டுத் தொபியாஸ் பார்த்துச் சொன்னான். அதனால் இந்தப் பேச்சு. அடுத்தவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடி சொல்வேன், விழுகிறபடி விழட்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று சொல்கிறேன். புஷ்பத்துக்குக் கேட்காது.

ஆறு நாள்தான் இருக்கிறது.

ஜெசி போன் பண்ணினாள். லூர்து மச்சானின் மகள், கோயம்புத்தூரில் வேலை. லூர்து மச்சான் என் பெண்டாட்டி புஷ்பத்தின் அண்ணன். அவருக்கு வீட்டுக்காரி இல்லை, போய்ச் சேர்ந்து நாளாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் குளிக்கிற இடத்தில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்து, மூத்திரத்துக்கு டியூப் மாட்டி, எங்கள் வீட்டுப் பின் அறையில் கொண்டுவந்து கிடத்தினோம்.

ஜெசி: "அத்தை எல்லாம் சொன்னாங்க மாமா. அப்பா சாப்பிட மாட்டேங்காங்க, பேச மாட்டேங்காங்க, செவத்தையே பாத்துக் கெடக்காங்கன்னு. இங்கன ஒரு இல்லம் இருக்கு, நர்ஸ் எல்லாம் உண்டு. திங்கக்கிழமை வண்டி பிடிச்சிட்டு வாரேன்."

"அவரு இங்கனயே இருக்கேன்னு சொன்னா?"

"அவங்க வாயால சொல்லட்டும் மாமா. சொன்னா நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். பத்து நாளா ஒரு வார்த்தை பேசாதவங்க என்னத்தைச் சொல்லப்போறாங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. பத்து நாளாக அவர் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் இடுப்பு வலி என்கிறார்கள். இடுப்பு இல்லை, பந்து.

கோப்பை ஆட்டம் நடக்கிறது, ஞாயிறுதோறும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். இருபது வருஷமாக எந்தக் கோப்பை ஆட்டம் வந்தாலும் நானும் அவரும் எங்கள் முன் அறையில் சேர்ந்துதான் பார்ப்போம். எனக்கு இடது காது ஓட்டை, சங்கு குளிக்கக் கடலுக்குள் முங்கிய காலத்திலேயே கிழிந்துபோனது. அதனால் அவர் என் வலது பக்கம் உட்காருவார். அவருக்குச் சிவப்புச் சட்டை, எனக்கு வெள்ளைச் சட்டை. அணிப் பெயர் இருவர் வாயிலும் நுழையாது. ஆட்டம் முழுக்கச் சண்டை. இப்போது அவரை முன் அறைக்குத் தூக்கிவரலாம் என்றால், "டியூப்போட என்னை நடு வீட்டில போடாதீரும்" என்றுவிட்டார். பத்துப் பேர் வந்து உட்கார்ந்து பார்க்கிற இடம் அது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னத்துக்குக் காவல் இருக்கீரு? போவும் அங்கன."

சரி என்று, ஜெசி அவருக்கு ஏற்கெனவே வாங்கிக்கொடுத்த போனில் ஆட்டத்தை வைத்துத் தலையணையில் சாய்த்துவைத்தோம். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு. முன் அறையில் கோல் விழுந்தது, எல்லாரும் கத்தினோம். அவர் போனில் பந்து இன்னும் நடுத்திடலில். நான் அங்கே போய் நின்று கணக்குப் பார்த்தேன். இரண்டு 'அருள் நிறைந்த மரியாயே' செபம் சொல்லி முடிக்கிற நேரம் கழித்துத்தான் அவருக்குக் கோல் வந்தது. போனைக் கவிழ்த்துவைத்தார்.

"உங்க கூப்பாடு முன்னால வருது, பந்து பின்னால வருது. இதுல என்னத்தைப் பாக்க மாப்ள."

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

ஆகவே வேண்டியது:
முன் அறைப் படம் பின் அறையிலும்.
ஒரே நேரத்தில். ஒரு மரியாயே கூடப் பிந்தக்கூடாது.
ஞாயிறு ஆட்டத்துக்குள்.

பழைய சின்ன டி.வி. பரணில் இருக்கிறது. எரிகிறது.


நவம்பர் 20, புதன்

தூறல் இல்லை. காற்று அப்படியே.

காலை கஞ்சி, மச்சான் இரண்டு கரண்டி.

தொபியாஸிடம் கேட்டேன். ஐஸ் கம்பெனியில் எலெக்ட்ரீசியனுக்குக் கையாளாக இருந்தவன், இப்போது வேலையில்லை. வாய் மட்டும் வேலை செய்கிறது. "தாத்தா, இன்னொரு இணைப்பு வாங்கினா ஆள் வர பத்து நாள் ஆவும். அதுலயும் கொஞ்சம் முன்ன பின்ன வரும். ஒரே பெட்டியில இருந்து ரெண்டா பிரிக்கணும். ஸ்ப்ளிட்டர்ன்னு கேளுங்க."

ஸ்ப்ளிட்டர். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

கனிராஜ் அண்ணாச்சி கடை. மார்க்கெட்டுக்குப் போகிற வழியில், டி.வி., மிக்சி, வயர். அண்ணாச்சி ஓட்டப்பிடாரம் பக்கம். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், ஆனால் பொய் சொல்லமாட்டார். இன்று அவர் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். கடையில் இருந்த பெண் இரண்டு பெட்டி எடுத்துவைத்தாள். இரண்டும் தீப்பெட்டி இரண்டை ஒட்டினாற்போல. ஒன்றுக்குக் கரண்டு வேண்டும், தனி வால் உண்டு. இன்னொன்றுக்குக் கரண்டே வேண்டாம்.

வேண்டாத பெட்டியை எடுத்தேன். காரணம் உண்டு. டி.வி. பக்கத்தில் இருக்கிற மூன்று பிளக்கும் அடைந்துகிடக்கிறது. டி.வி., இணைய டப்பா, திரு இருதயப் படத்து லைட்டு. மூன்றாவதைப் பிடுங்கினால் புஷ்பம் என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்.

வயர்: அந்தப் பெண் எத்தனை மீட்டர் என்றாள். எனக்கு மீட்டர் வராது. காலையிலேயே சுவரோரமாகக் கையை விரித்து விரித்து அளந்துவைத்திருந்தேன், ஏழு பாகம். பாகம் என்றால் அவளுக்குத் தெரியவில்லை. கடை நடுவில் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றேன். டேப்பை ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் மிக்சி வாங்க வந்தவள் சிலுவைப் பாதை நடக்கிறது என்று நினைத்திருப்பாள். பதினைந்து மீட்டர் வயர் போதும் என்று முடிவு.


நவம்பர் 21, வியாழன்

வெயில் எட்டிப்பார்த்தது.

ஏசி போடுவதற்கென்று மகன் துளைத்துவிட்டுப் போன ஓட்டை இரண்டு அறைக்கும் நடுச் சுவரில் இருக்கிறது. ஏசி வரவில்லை, ஓட்டை இருக்கிறது. அதன் வழியாக வயர். சின்ன டி.வி.யை மச்சான் கால்மாட்டில் ஸ்டூலில் வைத்தோம். அவர் சுவரைப் பார்த்தே கிடந்தார்.

அங்கே படம் வருகிறதா என்று இங்கிருந்து தெரிய வேண்டும். கத்தினால் எனக்குக் கேட்காது. புஷ்பம் ஓடி ஓடி வந்து சொல்கிற வயதில் இல்லை. அதே ஓட்டையில் ஒரு வலைக்கயிறு விட்டேன். இந்த நுனி என் நாற்காலிக் கையில், அந்த நுனி மச்சான் கையில்.

"மச்சான், படம் வந்தா ஒண்ணு. வரலைன்னா ரெண்டு."

கை மட்டும் கயிற்றை வாங்கியது. வாங்கி, இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. அவர் சுற்றவில்லை, கை தானாகச் சுற்றிக்கொண்டது. அவ்வளவு பழக்கம்.

அதைப் பற்றி ஒரே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லமாட்டேன். எங்களில் சங்கு குளிக்கிறவனுடைய கயிற்றை மேலே இருந்து பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருப்பான். தங்கச்சி வாழ்வு கையில் இருக்கிறது, விடமாட்டான் என்று வைத்த வழக்கம். பதினொரு வருஷம் என் கயிறு லூர்து மச்சான் கையில். ஒன்று ஆட்டினால் கயிறு விடு. இரண்டு ஆட்டினால் கூடையைத் தூக்கு. விடாமல் ஆட்டினால் என்னைத் தூக்கு. விடாமல் ஆட்டியது ஒரே நாள்தான். கயிறு பாறையில் சிக்கிவிட்டது, நீரோட்டம் வேறு. மேலே வந்தபோது அவர் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. என்னைப் பார்த்து, "சங்கு எத்தனை?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. இன்றுவரை.

இனி பெட்டி.

எல்லாம் மாட்டினோம். முன் அறையில் படம் வந்தது. கயிறு இரண்டு ஆடியது. பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது, அமுக்கினேன். கயிறு ஒன்று ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் என் டி.வி. கருப்பு. மறுபடி அமுக்கினேன். எனக்குப் படம், கயிறு இரண்டு. பொத்தானை அமுக்க அமுக்கப் படம் இங்கே, அங்கே, இங்கே, அங்கே.

தொபியாஸ் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "தாத்தா, இது ஸ்ப்ளிட்டர் இல்ல, ஸ்விட்ச். ஏதாவது ஒரு பக்கம்தான் போவும்."

"நேத்து நீ கூட வந்திருக்கலாம்லா."

"நேத்து எனக்கு வேலை இருந்துச்சு."

"என்ன வேலை?"

பெட்டியை மறுபடி திருப்பிப் பார்த்தான்.

புஷ்பம் அடுக்களையிலிருந்து: "கரண்டு வேண்டாம்னு வாங்கினீங்கல்லா. கரண்டு இல்லாம ஒரே படம் ரெண்டு எடத்துல நிக்க அது என்ன, ஒரே நேரம் ரெண்டு ஊர்ல நின்ன அந்தோணியாரா?"

ஆனால் ஒன்று கவனித்தேன். ஆறேழு தடவை கயிறு ஆடியது. ஒவ்வொன்றும் சரியாக ஆடியது. அப்படியென்றால் அவர் சுவரைப் பார்க்கவில்லை.


நவம்பர் 22, வெள்ளி

மறுபடி தூறல். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

கனிராஜ் அண்ணாச்சி இருந்தார். பெட்டியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இதை எதுக்குவே எடுத்தீரு? மூணு பெட்டியை ஒரு டி.வி.யில மாத்தி மாத்திப் பாக்கவனுக்கு இது."

"திரு இருதயத்துக்காவ எடுத்தேன் அண்ணாச்சி."

காரணத்தைச் சொன்னதும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை மேஜையில் வைத்தார். "நாலு பிளக்கு. லைட்டும் எரியட்டும், உமக்கு வீட்டுலயும் எடம் கெடைக்கட்டும்."

பிறகு கேள்வி மேல் கேள்வி. பெரிய டி.வி. எந்த வருஷம், சின்னது எந்த வருஷம், வயர் எவ்வளவு நீளம். வருஷம் சொன்னேன், மாதமும் சொன்னேன், வாங்கிய அன்று மழை பெய்ததையும் சொன்னேன். "ஒம்ம தலைக்குள்ள என்ன பெட்டி வச்சிருக்கீரு" என்றார்.

அவர் சொன்னது, நான் புரிந்துகொண்ட மட்டில்:

பெரிய டி.வி. நுணுக்கமான படம் காட்டும். சின்னது பழசு, அதற்கு அந்த நுணுக்கம் தாங்காது, கருப்பாகிவிடும். சாதாரண ஸ்ப்ளிட்டர் இரண்டுக்கும் பொதுவாக எது தாங்குமோ அதை மட்டும் அனுப்பும். சின்னதில் வரும், பெரியதில் கொஞ்சம் மங்கும். இன்னொரு ஜாதி உண்டு. பெரியதற்குப் பெரிய படம், சின்னதற்குச் சின்னப் படம், தனித்தனியாக. அது கடையில் இல்லை. சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை வரும்.

"செவ்வாய் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஆட்டம்."

"ஒம்ம முன் அறையில படம் மங்குமேவே. பெரிய டி.வி. வாங்கி என்ன புண்ணியம்?"

"மங்கட்டும். ஒரே நேரத்துல வருமா?"

"ஒரே வயித்துல பொறந்த ரெட்டைப் பிள்ளை மாதிரி வரும். பழைய டி.வி. கொஞ்சம் மெதுவா காட்டும். இமைக்கிற நேரம். உமக்குத் தெரியாது."

எனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். வாங்கினேன். பழைய பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம் மாட்டினோம். தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். முன் அறையில் செய்தி வாசிக்கிற பெண். கயிறு: ஒன்று.

செய்திக்குக் கீழே மணி ஓடும் இல்லையா, நிமிஷம் மாறும்போது ஒரு இழு இழுக்க மச்சானிடம் சொன்னேன். நான் என் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தேன். ஏழு நாற்பத்தொன்று. கயிறு. ஏழு நாற்பத்திரண்டு. கயிறு. பத்துத் தடவை. மரியாயே என்று வாயெடுக்கக்கூட நேரம் இல்லை.

தொபியாஸ்: "தாத்தா, படம் மங்கிட்டுல்லா. முன்னால புல்லு ஒவ்வொண்ணா தெரியும்."

"புல்லு மேய வாரியால? பந்தைப் பாரு."

மச்சான் இன்னும் பேசவில்லை. கஞ்சி நாலு கரண்டி. புஷ்பம் எண்ணினாள்.


நவம்பர் 23, சனி

இன்றைக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

காலையில் பழைய டி.வி.யின் பின்பக்கம் பார்த்தேன். பழைய வயர் மாட்டுகிற ஓட்டைகளில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று. இந்த வீட்டில் பூட்டு, கீல், ஆணி, எதையும் அது விட்டுவைத்ததில்லை. புது வயரும் புதுப் பெட்டியும் என்னத்துக்கு ஆகும்? நாளை ஆட்டத்தின் நடுவில் புட்டுக்கொண்டால்?

வள்ளத்தில் பேட்டரிக் கம்பியில் கிரீஸ் தடவாமல் எவனும் கடலுக்குப் போகமாட்டான். தடவினால் உப்பு அண்டாது. தொபியாஸின் சித்தப்பா வள்ளத்திலிருந்து ஒரு டப்பா வாங்கிவந்தேன். நல்ல கருப்புக் கிரீஸ். ஒவ்வொரு வயரின் முனையிலும், பெட்டியின் மூன்று வாயிலும், சுண்டு விரலால் நிறைய, உள்ளே போகும்வரை. நிதானமாகச் செய்தேன். நன்றாகச் செய்தேன்.

ஸ்விட்சைப் போட்டேன். கருப்பு. கயிறு: இரண்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. பிறகு மறுபடி.

ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. புஷ்பம் கேட்டபோது கரண்டு கம்மி என்றேன். மின்விசிறி தலைக்கு மேலே நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.

"என்ன கையி இது?"

சொன்னேன்.

அவள் பெட்டியை எடுத்து மூன்று வாயையும் பார்த்தாள். பிறகு, "வலையை அதுக்குள்ள விரிக்காம விட்டீங்களே, அந்த மட்டும் சந்தோசம்." பிறகு உட்கார்ந்து அழுதாள். டி.வி.க்காக இல்லை. "எங்க அண்ணன் போயிருவாங்கல்லா. போயி அங்கன யாருகிட்ட என்னத்தைக் கேப்பாங்க. தண்ணி வேணும்னாகூடக் கேக்க மாட்டாங்களே."

"ஏளா, இன்னும் ஒரு நாள் இருக்கு."

கயிறு ஆடியது. இரண்டு. அவர் இன்னும் விடவில்லை. நான் மட்டும் எப்படி விடுவது.


நவம்பர் 24, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்வந்தேன். நன்றாக விடிந்திருந்தது, காற்று இறங்கிவிட்டது.

கடை பூட்டு. கனிராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இருக்கீரா?"

"இருக்கேன். முப்பது வருசமா கடை வச்சிருக்கேன். தண்ணி விட்டவன் உண்டு, எலி கடிச்சிருக்கு, பிள்ளை காசு போட்டிருக்கு. கிரீஸ் இதுதான்வே முதல்."

"என்ன செய்ய?"

"ஊசி போடும்போது தடவுற ஸ்பிரிட்டு இருக்கா? பழைய பல் தேய்க்கிற பிரஷ்? பிளக்கை எல்லாம் பிடுங்கிரும். வாயைக் கீழ்ப்பக்கமா பிடிச்சு ஸ்பிரிட்டு விட்டுத் தேயும். ஒரு பத்துத் தடவை. வெயில்ல வையும். நல்லா காயாம கரண்டு குடுத்தீருன்னா பொறவு எனக்குப் போன் பண்ணாதீரும்."

ஸ்பிரிட்டு மச்சான் அறையில்தான் இருக்கிறது, புண்ணுக்கு மருந்து வைக்கிற தட்டில். நானும் புஷ்பமும் அவர் கட்டில் ஓரத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். பிரஷ் ஒன்று, கண் இரண்டு பேருக்கும் மங்கல். பெட்டியின் ஓட்டைக்குள் இருக்கிற தகடு எல்லாம் எறும்புக்கால் மாதிரி. தேய்த்தேன், எங்கே தேய்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"குடும்."

நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் வாய் அசையவில்லை.

மச்சான் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பிரஷ்ஷையும் பெட்டியையும் கொடுத்தேன். தலையணையைச் சாய்த்து, பெட்டியை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவருக்குக் கிட்டப் பார்வை இன்னும் கெட்டி, வலைக்கண் முடிகிற கண். ஒவ்வொரு வாயாக. பஞ்சைத் தீக்குச்சியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார், கருப்பு. மறுபடி பஞ்சு, கருப்பு. மறுபடி. வெள்ளையாக வருகிற வரை. இரண்டு மணி நேரம் இருக்கும். ஒரு தடவை பெட்டியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"கிரீஸு."

அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என்னை எவ்வளவு வைய முடியுமோ அவ்வளவும் இருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மாடி வெயிலில் மூன்று மணி வரை காயவைத்தேன். காக்காய்க்குக் காவல்.

நாலு மணிக்கு மாட்டினோம். முன் அறையில் வந்தது. கயிறு: இரண்டு. நீள வயர் செத்துவிட்டது. அண்ணாச்சிக்குப் போன். கொடுத்தனுப்ப ஆள் இல்லை என்று அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்தார். வந்தவர் மச்சான் அறையை எட்டிப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு தானே குனிந்து வயரை மாட்டினார். "கிரீஸ் டப்பா எங்க இருக்கு? அதை முதல்ல எங்கிட்டக் குடும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

கயிறு: ஒன்று.

ஆட்டம். முன் அறையில் பதினோரு பேர். தொபியாஸ் என் வலது பக்கம் உட்கார வந்தான். "அங்கன உக்காராத." அந்த இடத்தில் கயிறு கிடந்தது.

முதல் பாதியில் ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில், சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன் ஓரத்திலிருந்து போட்டான், எங்கள் வெள்ளை ஆள் தலையில் பட்டு அவர்கள் ஆளுக்கே போய், கோல். நான் என் பிழைப்பை நொந்துகொண்டு தலையைக் குனிந்தேன். குனிகிறபோதே கயிறு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. நாற்காலிக் கையில் கட்டாமல் இருந்தால் ஓட்டைக்குள்ளேயே போயிருக்கும். எனக்கு முன்னால் அவர் பார்க்கவில்லை, அவருக்கு முன்னால் நான் பார்க்கவில்லை.

பிறகு வெள்ளைச் சட்டை ஒரு கோல் போட்டது. இங்கே எல்லாரும் எழுந்துவிட்டார்கள். புஷ்பம் பின் அறையிலிருந்து ஓடிவந்தாள், முகம் எல்லாம் சிவந்து.

"எங்க அண்ணன் வையுதாங்க."

"யாரை?"

"ரெபரிய. ஆப்சைடாம். பொறவு உங்களை."

"என்னை எதுக்கு?"

"நீங்க சிரிச்சது அங்கன வரைக்கும் கேட்டுச்சாம்."

நான் சுவர் ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னேன், ஆப்சைடு இல்லை, நன்றாகப் பாரும் மச்சான் என்று. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வந்தது. இடது காதை வைத்துவிட்டேன். வலது காதை மாற்றி வைப்பதற்குள் முடிந்துவிட்டது. தொபியாஸுக்குக் கேட்டதாம், ஆனால் சொல்லமாட்டேன் என்கிறான். பெரியவர்கள் பேசுகிற பேச்சா என்கிறான்.

கடைசியில் சிவப்பு ஜெயித்தது. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டத்தில் சிவப்பு. எனக்குக் கவலை இல்லை.

மச்சான் சாளை மீன் இருக்கா என்று கேட்டார். புஷ்பம் அந்நேரத்தில் குழம்பு வைத்தாள். ஒரு கிண்ணம் சோறு.


நவம்பர் 25, திங்கள்

வெயில். வள்ளங்கள் போய்விட்டன.

பதினோரு மணிக்கு ஜெசி. வாசலில் வண்டி, டிரைவர், பின் சீட்டைப் படுக்கையாக ஆக்கிவைத்திருக்கிறார்கள். நல்ல வண்டி. அவளும் இளைத்துத்தான் போயிருக்கிறாள். அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கிவந்திருக்கிறாள்.

"பேசுதாங்கன்னு அத்தை சொன்னாங்க மாமா. எனக்குச் சந்தோசம். அவங்களே சொல்லட்டும்."

பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அது நியாயம். மகள். நான் முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தேன். டி.வி. போடவில்லை. புஷ்பம் கதவருகே நின்று கேட்டுவிட்டு வந்து என் வலது காதில் சொன்னாள்.

"அவதான் பேசுதா. 'அத்தைக்கு முட்டு வலி, மாமாவுக்கு வயசாச்சு, அவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்'னு சொல்லுதா."

"மச்சான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க. செவத்தைப் பாத்துத் திரும்பிட்டாங்க."

எனக்குப் புரிந்தது. நேற்று ரெபரியை வைததெல்லாம் சரி. இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் தங்கச்சி முட்டுக்கு மேல் ஏறி உட்கார்ந்தது மாதிரி ஆகிவிடும் அவருக்கு. கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. தோல் உரிந்த கையோடு சங்கு எத்தனை என்று கேட்ட ஆள்.

நான் போய்ச் சொல்ல முடியாது. அவர் வாயால் என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வெளியே ஹாரன் ஒரு தடவை அடித்தான். புஷ்பம் அவர் துணிகளை மடிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாற்காலிக் கையில் ஏதோ உரசியது.

கயிறு. ஒன்று. படம் வருகிறது என்கிறாரா, டி.வி.யே போடவில்லையே. இரண்டு. பிறகு மூன்று, நான்கு. பிறகு எண்ண முடியவில்லை. விடாமல்.

வயது ஒன்றும் தெரியவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஜெசி திடுக்கிட்டு எழுந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடியேதான் கிடந்தார். போர்வைக்குள் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்காங்க மாமா."

"சொல்லிட்டாரும்மா."

"எப்பச் சொன்னாங்க?"

போர்வையை விலக்கினேன். கயிறு மணிக்கட்டில் மூன்று சுற்று. ஜெசி அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து கேட்டவள் அவள். விடாமல் ஆட்டினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான்தான் சொன்னேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். வண்டி கிளம்புகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை, புஷ்பம் சொல்லித்தான் தெரியும். திரும்பி வந்தவள் கையில் அந்தப் புதுச் சட்டை. பிரித்துப் போர்வையின் மேல் வைத்தாள். சிவப்பு.

மச்சான் சுவரிலிருந்து திரும்பினார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆப்சைடுதான் மாப்ள அது."